கழற்றி எடுத்த இலக்கத் தகடு

மொன்றியலில் கோடை வந்துவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஏழு மாதமாகக் குசினி யன்னலோரம் ஒடுங்கிக் கிடந்த கறிவேப்பிலைச் சாடி பின்பல்கனிக்குப் போகும். மற்றையது, பின்ஒழுங்கையில் நிற்கும் மகனின் காருக்குப் போர்த்த உறை கழரும். கடந்த கோடையில் இந்த இரண்டாவது அடையாளத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டியதாயிற்று. மகன் வேலை கிடைத்து மேற்கே கல்கரிக்குப் போய்விட்டான். காப்புறுதி வசதிக்காகக் காகிதங்களில் உரிமையாளனாக இருந்தவன் நான்தான். "அப்பா, நீங்களே வித்துப்போடுங்கோ" என்று தொலைபேசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

கார் 1998ஆம் ஆண்டுச் செவ்ரொலே கமாரோ. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, 3.8 லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின். எஞ்சினின் விசை பின்சில்லுக்கே போவதால் பனியில் சறுக்கும். எனவே வருடத்தில் பாதி உறங்குவதும் பாதி ஓடுவதுமாக இருந்தது. சந்தைக்குப் போய் இரண்டு பை மரக்கறி வாங்கினால் வைக்க இடமில்லாத கார் என்பது மனைவியின் நிரந்தரக் குற்றச்சாட்டு. இந்த வருடம் அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "இஞ்சருங்கோ, இதை எப்ப கொண்டுபோகப் போறாங்கள்? இது நிக்கிற இடத்திலைதான் நல்ல வெயில். என்ரை தக்காளிச் சாடியள் எல்லாம் நிழலுக்கை நிக்குது."

முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து ஜான் ரலோன் சந்தைக்குப் பத்து நிமிட நடை. சனி, ஞாயிறு சந்தைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில்தான் காரை நிறுத்திவிட்டு நடப்பார்கள். ஆகவே நானும் கமாரோவை வீட்டு முன்புறம் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்த வகையில் எனது விளம்பரச் செலவு ஒரு மட்டையும் ஒரு கறுப்புப் பேனையும்தான்.

சந்தையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லவேண்டும். 1933இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், ஐரிஷ்காரர்களின் ஷாம்றொக் கழகம் லக்ரோஸ் விளையாடிய மைதானம் இருந்த இடத்தில் அது திறக்கப்பட்டது. முதலில் வடக்குச் சந்தை என்றே பெயர். ஜான் ரலோன் என்ற பெயர் 1980களில் வந்தது. ஜான் ரலோன் 1665இல் பிரெஞ்சு மன்னரின் நிர்வாகியாகப் புதிய பிரான்சுக்கு வந்தவர். 1666இல் அவர் எடுத்த குடிசன மதிப்பில் குடியேறிகள் 3,215 பேர். அதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்த பூர்வீகக் குடிகள் அந்தக் கணக்கில் இல்லை. இன்று அவர் பெயரால் அமைந்த இடத்தில் யூனில் ஸ்ரோபெரி, ஓகஸ்டில் சோளமும் நீலப்பெரியும், ஓகஸ்ட் கடைசியில் இத்தாலியக் குடும்பங்கள் சோஸ் காய்ச்சுவதற்காகப் பெட்டி பெட்டியாக அள்ளிப்போகும் தக்காளி. எங்களுக்குக் கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் கிடைத்தால் போதும்.

கார் பார்க்கப் பலர் வந்தார்கள். பாதிப்பேர் வாங்குகிற எண்ணமில்லாதவர்கள். பையன்கள் எஞ்சின் சத்தம் கேட்க வந்தார்கள். ஒருவர் அரைவிலை கேட்டார். ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, கையில் சோளப் பையோடு போன ஒரு முதியவர் நின்று திரும்பி வந்தார். கேட்காமலே கதவைத் திறந்து மூடினார். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு முன்கண்ணாடியின் கீழ் மூலையில் உள்ள வாகன அடையாள இலக்கத்தைக் குனிந்து பார்த்து, முதல் எண் இரண்டு என்று விரலால் காட்டினார். இரண்டில் தொடங்கினால் அது கனடாவில் செய்தது. "இது எங்களுடைய கார்" என்றார். புவாபிரியோன் தொழிற்சாலையில் இருபது வருடம் கதவு பூட்டியவராம். கடைசி நாள் வரை அங்கு இருந்தவராம். விலையைக் கேட்கவே இல்லை. "1970இல் அப்பா வேலைநிறுத்தத்தில் நின்றார், பிரெஞ்சுக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வசனம் என்னைப் பெரி வீதியிலுள்ள பெரிய நூலகம் வரை இழுத்துச் சென்றது.

1965 சனவரியில் கனடியப் பிரதமர் லெஸ்ரர் பியர்சனும் அமெரிக்க ஜனாதிபதி லின்டன் ஜோன்சனும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கனடாவில் குறிப்பிட்ட அளவு உற்பத்தி செய்யும் கம்பனிகள் எல்லைக்கு இருபுறமும் தீர்வையின்றி வாகனங்களைக் கொண்டுபோகலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் மொன்றியலுக்கு வடக்கே சென் தெரேஸ், புவாபிரியோன் பகுதியில் ஜெனரல் மோட்டோர்சின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1987இல் மத்திய அரசும் கியூபெக் அரசும் சேர்ந்து 22 கோடி டொலரை வட்டியில்லாக் கடனாக, 30 வருடத் தவணையில் அதற்குக் கொடுத்தன. 1992இல் கலிபோர்ணியாவின் வன் நைஸ் தொழிற்சாலை மூடப்பட்டபின், 1993ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கமாரோவும் அதன் உடன்பிறப்பான பொன்ரியாக் ஃபயர்பேர்ட்டும் உலகத்திலேயே இங்கு மட்டும்தான் செய்யப்பட்டன. அமெரிக்க இளைஞனின் கனவென்று திரைப்படங்களில் கண்ட காரைப் பிரெஞ்சு பேசுகிற கைகள்தான் பூட்டின. 2002 ஓகஸ்ட் இறுதியோடு அதுவும் முடிந்தது. அந்த நிலத்தில் இன்று வீடுகளும் கடைத்தொகுதியும். கமாரோ பின்னர் 2009இல் ஒன்ராறியோவின் ஒஷாவாவில் மறுபிறவி எடுத்து, 2015 வரை அங்கிருந்து, மிச்சிகனுக்குப் போய், 2024ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுபோனது.

ஆனால் முதியவர் சொன்னது 1970ஐப் பற்றி. தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசுபவர்கள். கட்டளைகளும் அறிவித்தல்களும் மேலிடத்தோடு பேசுவதும் ஆங்கிலத்தில். அந்த இலையுதிர்காலத்தில் மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சம்பளத்தோடு இன்னொரு கோரிக்கையையும் இவர்கள் முன்வைத்தார்கள்: வேலைத்தலத்தின் மொழி பிரெஞ்சாக வேண்டும். ஒக்ரோபர் 16இல் போர்க்கால நடவடிக்கைச் சட்டம் வந்து மொன்றியல் தெருக்களில் இராணுவம் நின்ற அதே நாட்களில் இவர்களும் வாசலில் நின்றார்கள். கேட்டது முழுவதும் அப்போது கிடைக்கவில்லை. ஆனால் 1974இல் பிரெஞ்சு மாகாணத்தின் அரச மொழியானதற்கும், 1977 ஓகஸ்ட் 26இல் 101ஆம் சட்டம் நிறைவேறியதற்கும் பின்னால் இப்படியான வாசல்கள் பல இருக்கின்றன.

இதை வாசித்தபோது நான் உடனே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன். இலங்கைத் தமிழன் ஒருவன் வேறெப்படிச் சாய்வான்? ஆனால் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரிடம் இதைக் கதைத்தபோது அவர் முகம் மாறியது. 1968, 69இல் சென் லெயனார்டில் இத்தாலியப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடசாலை வேண்டுமென்று போராடியவர்கள். பள்ளிச்சபை மறுத்தது. தெருவில் கைகலப்பு வரை போனது. "எங்கள் பிள்ளை எந்த மொழியில் படிப்பதென்று அவர்கள் யார் சொல்ல?" என்பது அவரது இன்றைக்கும் ஆறாத கேள்வி. 1986இல் நான் வந்தபோது சட்டம் தீர்ந்திருந்தது. என் மகன் பிரெஞ்சில் படித்தான். என்னோடு வந்தவர்களில் பலர் இதைத் தாங்காமல் ரொறொன்ரோவுக்கு மூட்டை கட்டினார்கள். ஒரே சட்டம் ஒருவருக்கு வேலி, இன்னொருவருக்கு விலங்கு.

எங்கள் நாட்டிலும் மொழிச் சண்டை வாகனத்தில் வந்து ஏறிய வரலாறு உண்டு. 1956 யூனில் சிங்களம் மட்டும் சட்டம். 1957 சனவரியிலிருந்து வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'சிறீ'. தமிழரசுக் கட்சி தமிழில் சிறீ எழுதும் இயக்கத்தை நடத்தியது. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம். 1958 சனவரியில் பஸ்கள் தேசியமயமாகி, மார்ச்சில் சிங்கள சிறீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார்வாளியும் தூரிகையும் வெளியில் வந்தன. வடக்கில் சிங்கள எழுத்துக்குத் தார், பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துக்குத் தார். ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதக் கலவரத்தில் தார் பூசிய கைகள் மட்டுமல்ல, தூரிகையையே காணாத மனிதர்களும் செத்தார்கள். ஓர் எழுத்து. ஒரு தகரத்துண்டு.

எங்கள் வீட்டில் நின்ற ஒஸ்ரின் ஏ-40 சிறீக்கு முந்தியது. ஆங்கில எழுத்துத் தகடு என்பதால் அதில் யாரும் தார் பூசவில்லை. அப்பா அதை ஒரு பெருமையாகவே சொல்லுவார்.

கமாரோவின் பின்புறத்தில் இருந்ததும் ஒரு மொழித் தகடுதான். கியூபெக் கார்களுக்கு முன்னால் தகடு இல்லை, பின்னால் மட்டும். 1978 வரை அதில் 'அழகிய மாகாணம்' என்று எழுதியிருந்தது. ரெனே லெவெக்கின் அரசு அதை மாற்றி 'ஜ மு சூவியன்' என்று பொறித்தது: நான் நினைவில் வைத்திருக்கிறேன். 1883இல் கியூபெக் பாராளுமன்றக் கட்டடத்துக்கான வரைபடத்தில் அதன் சிற்பி எசேன் எற்றியன் ரஷே சேர்த்த வாசகம் அது. எதை நினைவில் வைத்திருக்கிறேன் என்று அவர் விளக்கி எழுதிவைக்கவில்லை. தோல்வியை என்பார் சிலர், பழைய பெருமையை என்பார் சிலர். ஆனால் அவர் கட்டிய முகப்பைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 1759இல் ஒரே போரில் எதிரெதிராக நின்று இறந்த பிரெஞ்சுத் தளபதி மோங்கால்மும் ஆங்கிலத் தளபதி வூல்ஃபும் இருவரும் அங்கே சிலையாக நிற்கிறார்கள். ரலோன் தன் கணக்கில் சேர்க்காத பூர்வீகக் குடும்பமொன்றும் வாசலில் வெண்கலத்தில் நிற்கிறது. வென்றவன், தோற்றவன், இருவருக்கும் முன்பே இருந்தவன் என்று எல்லோருக்கும் அந்த நினைவில் இடமிருக்கிறது. பிற்கால அரசியல் அப்படி நடந்ததா என்பது வேறு விடயம்.

எமது நினைவின் முகப்பில் யார் யார் நிற்கிறார்கள்? 1956 நிற்கிறது, 58 நிற்கிறது, 83 நிற்கிறது. நிற்கவேண்டியவைதான். ஆனால் ஏ-40க்கு ஒரு சாமான் உடைந்தால் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது யாழ் நகரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் பழைய இரும்புக் கடைக்கு. குவியலுக்குள் கைவிட்டு, எந்த மொறிசிலிருந்தோ கழற்றிய ஒன்றை எடுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, "இது பொருந்தும் ஐயா" என்பார். பொருந்தும். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். நான் அப்போது இங்கே அகதி விசாரணைக்குக் காத்திருந்தேன். ஊர்க் கடிதத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, இரண்டு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஏ-40 ஓடுகிறது என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். சாமான் தந்தவர் எங்கே போனார் என்று அதில் இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை. மற்றவன் எங்கள் எழுத்துக்குப் பூசிய தாரை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் கையால் பூசப்பட்டதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு இத்தனை வருடம் போதவில்லை.

செப்ரெம்பர் முதல் வாரம் லவாலிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். பேரம் அதிகமில்லை. இருவரும் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். விலையில் 9.975 வீதம் மாகாண விற்பனை வரியை அவன் கட்டினான். கியூபெக்கில் தகடு காருக்கு உரியதல்ல, உரிமையாளனுக்கு உரியது. அவன் தன் புதிய தகட்டைப் பூட்டினான். நான் எனது பழையதை, வழியில் வாங்கிய சோளப் பைக்குள் வைத்துக்கொண்டு மெற்றோவில் வீடு திரும்பினேன்.

கார் நின்ற பின்ஒழுங்கையில் மனைவி ஏற்கனவே சாடிகளை அடுக்கிவிட்டாள். தக்காளிக்கு இனி வெயில் எவ்வளவு நாளைக்கு என்று நான் சொல்லவில்லை.

இரவு மகன் எடுத்தான். தகட்டை எறிய வேண்டாம், தனக்கு வேண்டும் என்றான். பிறகு சும்மா கேட்டான்: "அப்பப்பான்ரை ஏ-40 என்ன நம்பர்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த இரும்புக் கடையின் எண்ணெய் மணம் வந்தது. அரத்தின் சத்தம் வந்தது. கடைக்காரரின் பெயர் வரவில்லை. இலக்கமும் வரவில்லை.