தொடுதிரை செத்த இரண்டு ஐபோன்கள்

2016இல் ஐபோன் 6 பிளஸ் வைத்திருந்த பலரும், 2018இல் ஐபோன் 8 வைத்திருந்த சிலரும் ஏறக்குறைய ஒரே புகாரோடு பழுதுபார்ப்பவர்களைத் தேடிப் போனார்கள். திரை எரிகிறது, அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, விரலை வைத்தால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. நம்மூர் சர்வீஸ் கடையில் இதற்கு உடனே கிடைக்கும் தீர்ப்பு, ‘டச் போச்சு, காம்போ மாத்தணும்’ என்பது. கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகத்துக்குக் கடைப்பேச்சில் காம்போ என்று பெயர். அந்தத் தீர்ப்பு இந்த இரண்டு போன்களுக்கும் பொருந்தவில்லை. ஒன்றில் கோளாறு மதர்போர்டின் பற்றாசில் இருந்தது. மற்றதில் மென்பொருளோடு வந்தது. புகார் ஒன்றாக இருந்தும் வைத்தியம் நேரெதிராக அமைந்ததால்தான் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

அதற்கு முன் ஹேங் ஆனதையும் டச் போனதையும் பிரித்துவிட வேண்டும். வால்யூம் பட்டனை அழுத்தினால் திரையில் அளவுக்கோடு வருகிறதா? கடிகாரத்தில் நிமிடம் நகர்கிறதா? வேறு போனிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறதா? இவையெல்லாம் நடந்தால் போன் விழித்துத்தான் இருக்கிறது. விரல் சொல்வது மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை. எதுவுமே நடக்கவில்லை என்றால் மென்பொருள் உறைந்திருக்கிறது, கட்டாய ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம். 6 பிளஸில் ஹோம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். 8இல் அந்த வழி செல்லாது. அதன் ஹோம் பட்டன் உள்ளே போகும் பட்டனே அல்ல. அழுத்தியதுபோல ஓர் அதிர்வைக் காட்டும் அசையாப் பரப்பு. மென்பொருள் உறைந்தால் அதுவும் சேர்ந்து உறையும். ஆகவே வால்யூம் மேல் பட்டனில் ஒரு தட்டு, கீழ் பட்டனில் ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை விடாமல் பிடித்தல் என்று மாற்றிவிட்டார்கள். ஈரம், தடித்த டெம்பர்டு கிளாஸ், மட்டமான சார்ஜர் ஆகியவையும் தொடுதலைக் குழப்பும். துடைத்து, உரித்து, சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். நாம் பேசும் இரண்டு போன்களும் இதற்கெல்லாம் மசியவில்லை.

6 பிளஸ் 2014 செப்டம்பரில் வந்தது. 5.5 அங்குலத் திரை, 7.1 மில்லிமீட்டர் தடிமன், அலுமினிய உடல். கால்சட்டைப் பையில் வைத்தால் வளைகிறது என்ற கூச்சல் வந்த சில நாட்களிலேயே கிளம்பிவிட்டது. உலகமே வளைந்த போன்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத வளைவுதான் உள்ளே வேலையைக் காட்டியது. கண்ணாடிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்கடத்திக் கோடுகளில், விரல் நெருங்கும் இடத்தில் மின்தேக்கத் திறன் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவது டச் ஐசி. இந்த மாடலில் அந்த வேலைக்கான இரண்டு சில்லுகளும் திரையில் இல்லை, மதர்போர்டில் இருந்தன. அவற்றைப் போர்டோடு பிணைப்பவை கடுகைவிடச் சிறிய பற்றாசுக் குண்டுகள். கடைக்காரர்கள் ‘பால்’ என்பார்கள். உடல் லேசாக வளைந்து நிமிரும்போதெல்லாம் போர்டும் வளைந்து நிமிர, நாளடைவில் அந்தக் குண்டுகளில் கீறல் விழுந்தது.

முதல் அறிகுறி திரையின் உச்சியில் நடுங்கும் ஒரு சாம்பல் நிறப் பட்டை. பிறகு டச் விட்டுவிட்டு வேலை செய்யும், கடைசியில் நின்றுபோகும். போனை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கினால் சற்று நேரம் உயிர் வரும் என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. பிளந்த பற்று அந்த அழுத்தத்தில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். முறுக்க முறுக்கக் கீறல் வளரும். 2016 ஆகஸ்டில் பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளமான ஐஃபிக்ஸிட் இதை விரிவாக எழுதியபோது ‘டச் டிசீஸ்’ என்ற பெயர் பரவியது. புதுத் திரை மாட்டினாலும் அதே பட்டை, அதே மௌனம். நுண்ணோக்கியின் கீழ் சூடான காற்றால் சில்லைப் பெயர்த்து, புதுச் சில்லு வைத்து, அறுந்த தடத்துக்கு மயிரிழைபோன்ற கம்பி ஒன்றை ஓட்டத் தெரிந்தவர்களே சரி செய்தார்கள். அது காம்போ மாற்றும் மேசையில் நடக்கிற காரியமல்ல. போர்டு வேலை செய்யும் கை தனி.

ஐபோன் 8இல் இந்தத் திசை அப்படியே திரும்புகிறது. 6எஸ் மாடலிலிருந்தே டச் சில்லுகள் மதர்போர்டை விட்டுத் திரைப் பகுதிக்கு இடம் மாறியிருந்தன. நல்ல மாற்றம்தான், வளைவின் பயம் போயிற்று. ஆனால் திரை உடைந்து வெளிக்கடையில் வேறு தயாரிப்புத் திரையைப் போட்டால், அதோடு வேறொரு சில்லும் வந்து சேரும். 2018 மார்ச் 29 அன்று ஐஓஎஸ் 11.3 வெளியானது. அதை நிறுவியதும், அப்படித் திரை மாற்றிய ஐபோன் 8கள் சிலவற்றில் டச் செத்தது. முந்தைய நாள்வரை குறையின்றி ஓடிய திரைகள் அவை. அந்தச் சில்லோடு புது மென்பொருள் ஒத்துப்போகவில்லை என்பது பழுதுபார்ப்பவர்களின் கணிப்பு. ஏப்ரல் 24 அன்று 11.3.1 வந்தது, அதை ஏற்றியதும் டச் திரும்பியது. நுண்ணோக்கியும் வேண்டியிருக்கவில்லை, ஸ்க்ரூடிரைவரும் வேண்டியிருக்கவில்லை.

தொட முடியாத போனில் அப்டேட்டை எப்படிப் போடுவது? கணினியோடு இணைத்து, முன் சொன்ன பட்டன் வரிசையில் பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வந்த பிறகும் விடாமல் பிடித்தால் ரெகவரி திரை வரும். ஐடியூன்ஸ் அங்கே ‘ரீஸ்டோர்’, ‘அப்டேட்’ என்று இரண்டு வாய்ப்புகள் காட்டும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதும். அப்டேட் தரவை விட்டுவைத்து மென்பொருளை மட்டும் மாற்றும். எட்டில் பழுதைத் தீர்க்க அப்டேட்டே போதும். ஆறில் இரண்டுமே வீண், ரீஸ்டோர் கூடுதலாகப் புகைப்படங்களையும் கொண்டுபோய்விடும். பற்றாசுக் கீறலுக்கு ஃபேக்டரி ரீசெட் செய்து குடும்பப் படங்களை இழப்பதைவிடக் கொடுமையான பழுதுபார்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு, இது இரண்டு போன்களுக்கும் பொது. கைரேகை வைத்தால் திறக்கும் போன், ரீஸ்டார்ட் ஆன பிறகு ஒருமுறை கடவுக்குறியீட்டைக் கேட்கும். டச் செத்த திரையில் அதை எப்படி அடிப்பது? ஆகவே போன் விழித்திருந்து, டச் மட்டும் போயிருந்தால், ரீஸ்டார்ட் செய்யும் துடிப்பைக் கொஞ்சம் அடக்க வேண்டும். கைரேகையால் திறந்து, அந்தப் போன் ஏற்கெனவே நம்பிய கணினியில் செருகி, முதலில் பேக்கப் எடுத்துவிடுவதே அப்போது நல்ல வழியாக இருந்தது. ஹேங் ஆன போனுக்கு அமுதமாக இருக்கும் ரீஸ்டார்ட், டச் போன போனின் கதவைச் சாத்திவிடும்.

பழி யார்மேல் விழுந்தது என்று பார்த்தால், இரண்டு கதைகளும் ஆச்சரியமான விதத்தில் ஒத்துப்போகின்றன. 2016 நவம்பரில் ஆப்பிள் 6 பிளஸுக்குத் தனிப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. கெட்டியான தரையில் பலமுறை விழுந்து, மேலும் அழுத்தத்துக்கு ஆளான போன்களில்தான் இது வருகிறது என்றது அறிவிப்பு. கட்டணம் 149 டாலர்; முன்பே கூடுதலாகச் செலவழித்தவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பித் தந்தார்கள். வைத்திருந்தவரின் கை நழுவியதே காரணம் என்பது அதன் தொனி. 2018இல் கலிஃபோர்னிய நீதிமன்ற ஆவணம் ஒன்று வெளியே வந்தபோது வேறு கணக்கு தெரிந்தது. 5எஸ்ஸைக் காட்டிலும் 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்று வெளியீட்டுக்கு முன்பே நிறுவனத்தின் உள்சோதனைகள் காட்டியிருந்தன. சில்லுக்கும் போர்டுக்கும் இடையே பிசின் நிரப்பிப் பலப்படுத்தும் வேலையை 2016 மே மாதத்தில் சேர்த்திருந்தார்கள், திட்டத்தை அறிவிக்க ஆறு மாதம் முன்பு. 8இன் 11.3.1 குறிப்போ, அசலல்லாத திரை மாட்டிய போன்களில் வந்த சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்லி, அத்தகைய திரைகள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று எச்சரிக்கையும் சேர்த்தது. முதலில் போனைத் தவறவிட்டவர், அடுத்து திரை மாற்றிய கடைக்காரர். மலிவான திரைகளில் குறை இல்லை என்று நான் வாதாட மாட்டேன். நிறம் மங்குவதும் ஓரங்களில் டச் பிசகுவதும் வழக்கம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த திரையை நிறுத்தியது ஓர் அப்டேட், ஓட வைத்ததும் ஓர் அப்டேட் என்பதை அந்தக் குறிப்பின் தொனி மறைத்துவிடவில்லை.

கோளாறு உண்மையிலேயே திரையில் இருந்த நிகழ்வுகளும் பின்னால் வந்தன. 2018 நவம்பரில் ஐபோன் எக்ஸுக்கும், 2020 டிசம்பரில் ஐபோன் 11இன் ஒரு பகுதிக்கும், டிஸ்ப்ளே பாகத்தின் பழுதால் டச் போகலாம் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தது. 11இல் அது 2019 நவம்பருக்கும் 2020 மே மாதத்துக்கும் இடையே தயாரானவற்றுக்கு மட்டும். தகுதி உண்டா என்று சீரியல் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். காம்போ மாற்றினால் சரியாகும் என்ற கடைத் தீர்ப்பு இந்த இரண்டுக்கும் சரியாகவே பொருந்தும். முதல் விற்பனையிலிருந்து எக்ஸுக்கு மூன்று ஆண்டு, 11க்கு இரண்டு ஆண்டு என்ற கெடு முடிந்துவிட்டதால், இன்று செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் அந்தச் செலவைத் தன் பையிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.