அதே டயலாக் திரும்பத் திரும்ப... ஆட்டிசக் குழந்தை என்ன சொல்ல வருகிறது?

"கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து..." என்று பஸ் கண்டக்டர் குரலிலேயே ஒரு பையன் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் எஸ்டேட் வேலை முடிவுக்கு வந்து, மலையிலிருந்து கீழே இறங்கிய குடும்பம். "சும்மா இருல, எத்தன தடவ?" என்று அதட்டத்தான் தோன்றும். ஆனா, 'வீட்டுக்குப் போகணும்' என்று சொல்ல அவனிடம் இருக்கும் வார்த்தைகளே அவைதானோ என்னவோ!

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு 'எக்கோலாலியா' என்று பெயர். சினிமா வசனம், விளம்பரம், பாட்டி சொன்ன கதை, டீச்சர் திட்டியது என எதுவாகவும் இருக்கலாம். கேட்ட உடனே வரும். மாசக்கணக்கில் கழித்தும் வரும்.

1943-ல் ஆட்டிசத்தை விவரித்த அமெரிக்க மருத்துவர் லியோ கேனர், 1946-ல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். சமையல் பாத்திரம் கண்ணில் பட்டாலே அவன் ஒரு குழந்தைப் பாட்டின் துண்டைச் சொல்வான். அவனுக்கு 2 வயதில், அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்து பாத்திரம் நழுவி விழுந்திருக்கிறது. கேட்பவர்களுக்கு உளறல். அம்மாவுக்கு மட்டும் கதை தெரியும்.

அப்படியும் இதை நிறுத்தவேண்டிய பழக்கமாகவே பலர் பார்த்தார்கள். 1980-களில் பேரி பிரிஸன்ட் போன்ற பேச்சு சிகிச்சை ஆய்வாளர்கள்தான், குழந்தைகள் இப்படிக் கேட்கிறார்கள், மறுக்கிறார்கள், தங்களையே அமைதிப்படுத்திக்கொள்கிறார்கள் என்று வகைபிரித்துக் காட்டினார்கள். வடிவேலு வசனத்திலேயே பாதி நாளை ஓட்டும் நமக்கு இது புரியாதா என்ன?

அமெரிக்காவின் ஓவன் சஸ்கிண்ட் 3 வயதில் பேச்சை இழந்தவர். அண்ணனின் பிறந்தநாளன்று, மோக்லி, பீட்டர் பேன் மாதிரி அண்ணனுக்கும் பெரியவனாக விருப்பமில்லை என்றார் ஒருநாள். அப்பா ரான் சஸ்கிண்ட் பத்திரிகையாளர். டிஸ்னி கதாபாத்திரங்களின் குரலிலேயே மகனோடு பேச ஆரம்பித்தார். அந்தக் கதை 2014-ல் புத்தகமாகவும் 2016-ல் ஆவணப்படமாகவும் வந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வசனம், முதலில் எங்கே கேட்டது, இப்போது எப்போது வருகிறது என்று குறியுங்கள். கண்டக்டர் குரல் வந்தால், "மாஞ்சோலை வீட்டுக்குப் போகணும்" என்று அவன் சொல்லவேண்டிய வாக்கியத்தை நீங்கள் மெதுவாகச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சில வசனம் வெறும் சந்தோஷத்துக்காகவும் வரும், அதை விட்டுவிடுங்கள். அந்த நோட்டு பேச்சுப் பயிற்சியாளருக்கும் உதவும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில், 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கிவரும் அமர் சேவா சங்கத்தில் விசாரிக்கலாம்.