ஆற்றுப்படுத்தும் பணி: உளச்சிகிச்சை நெறிகளும் தமிழ்த் திருச்சபையும்

மனத்துயருற்றோருக்கு உதவுவது திருச்சபைக்குப் புதிய பணியன்று. எனினும், அப்பணியைச் செய்யும் முறைகளைப் பற்றி மேனாடுகளில் எழுந்த பல நெறிகள் நம் இறையியற் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இன்று இடம்பெற்றுள்ளன. அவை ஒவ்வொன்றும் மனிதனைப் பற்றிய ஒரு தனிக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. அக்கொள்கையை ஆராயாமல் முறையை மட்டும் எடுத்தாளும் ஆயர், தாம் அறியாத ஓர் இறையியலையும் உடன் சுமந்து செல்கிறார். ஆகவே, இந்நெறிகளின் வரலாற்றை ஒப்பிட்டுக் காண்பதும், ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பணியாற்றும் ஆயருக்கு அவை எந்த அளவு துணையாகும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மேனாட்டு நெறிகள்

முதலாவது, வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) வகுத்த உளப்பகுப்பாய்வு. மனிதன் தன்னையே அறியாதவன். ஒடுக்கப்பட்ட விருப்பங்களும் குழந்தைப் பருவ அனுபவங்களும் அவனை மறைவில் நடத்துகின்றன என்பது இதன் அடிப்படை. பிராய்டு சமயத்தை மாயை என்று 1927-இல் எழுதினார். சூரிச் நகரப் போதகரும் அவருடைய நண்பருமான ஆஸ்கர் பிஃபிஸ்டர் அதற்கு 1928-இல் மறுப்பு எழுத, அது பிராய்டின் ஆய்விதழிலேயே வெளியாயிற்று. அவர்களுடைய கடித நட்பு 1909 முதல் பிராய்டின் மறைவு வரை நீடித்தது. கருத்து வேற்றுமை உரையாடலை முறிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது, நடத்தை நெறி. அச்சம் கற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றாயின், அதனைப் படிப்படியாக மறக்கவும் பயிற்றலாம் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958-இல் விளக்கினார். இதற்கு அண்மையில் நிற்பது ஆல்பர்ட் எல்லிஸ், ஏரன் பெக் ஆகியோரின் சிந்தனை நெறி. நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய தவறான எண்ணங்களே துயரை வளர்க்கின்றன. அவற்றைச் சோதித்துத் திருத்தலாம் என்பது இதன் கூற்று.

மூன்றாவது, கார்ல் ராஜர்ஸ் (1902–1987) வகுத்த நெறி. நியூயார்க் யூனியன் இறையியற் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின் இவர் உளவியலுக்கு மாறினார். அறிவுரை கூறாமல், நிபந்தனையற்ற மதிப்போடும் உண்மையோடும் செவிமடுத்தால் மனிதன் தன் வழியைத் தானே காண்பான் என்றார்.

நான்காவது, விக்டர் பிராங்கிளின் பொருள்காண் நெறி. நாசி வதைமுகாம்களில் துன்புற்ற இவர், வாழ்வின் பொருளைத் தேடுவதே மனிதனின் தலையாய நாட்டம் என்று 1946-இல் எழுதினார்.

திருச்சபைக்குள் இப்பணிக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஆன்டன் பாய்சன். இவர் 1920-இல் தாமே மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் இருந்தவர். 1925-இல் அமெரிக்காவின் வூஸ்டர் மருத்துவமனையில் இறையியல் மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். நூல்களைக் கற்பதுபோல் துயருறும் மனிதரையும் கற்க வேண்டும் என்பது அவர் போதனை. இதற்கு மாறாக, 1970-இல் ஜே ஆடம்ஸ் உளவியலை விலக்கி, உடல்நோய் அல்லாத சிக்கல்களிற் பெரும்பாலானவை பாவத்தின் விளைவே என்றும், வேதத்தின் வழி எச்சரிப்பதே ஆயரின் கடமை என்றும் வாதிட்டார்.

2. இந்திய மண்ணில்

கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டு வரைந்த மன உருவம் இந்தியருக்கு முற்றும் பொருந்தாது என அவருக்கே எழுதினார். ஜே. எஸ். நெகி 1973-இல், மேனாட்டுச் சமநிலை உறவினும் குரு–சீடர் உறவே இந்தியச் சூழலுக்கு ஏற்ற சிகிச்சை உறவாகலாம் என்று முன்மொழிந்தார்.

இவற்றினும் ஆழமான திருத்தம் மருத்துவமனை வளாகங்களிலிருந்து வந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவர் வித்யா சாகர், நோயாளியுடன் குடும்பத்தாரையும் கூடாரங்களில் தங்கச் செய்தார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் வைத்தே சிகிச்சையளிக்கலாயிற்று. தனிமனிதனையே அலகாகக் கொண்ட மேனாட்டு நெறிகளுக்கு இது நம் நாடு அளித்த விடை எனலாம்.

இருண்ட பக்கமும் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். இதனைப் பிற சமயத்தார் குறையென ஒதுக்குதல் தகாது. பேயோட்டுதலின் பெயரால் மருந்தை நிறுத்தச் சொல்லும் ஜெபக்கூடங்கள் நம்மிடையேயும் உள்ளன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

3. ஓர் ஒப்பீடு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்த அடிப்படையில் இரவுப் பணி செய்யும் இளைஞர் ஒருவர், உறக்கமின்றி, கடன் சுமையோடு, தாம் குடும்பத்துக்குப் பாரம் என்று கூறி ஆயரிடம் வருவதாகக் கொள்வோம். பிராய்டின் மாணவர் அவருடைய தந்தையோடுள்ள உறவை ஆராய்வார். வோல்பே வழியினர் உடலின் பதற்றத்தைத் தணிக்கப் பயிற்றுவார். பெக் வழியினர் "பாரம்" என்ற எண்ணத்திற்குச் சான்று கேட்பார். ராஜர்ஸ் வழியினர் அச்சொல்லின் வலியை முழுவதும் கேட்பார். பிராங்கிள் வழியினர், அவர் யாருக்காக வாழ்கிறார் என்று வினவுவார். ஆடம்ஸ் வழியினர் மனந்திரும்புதலுக்கு அழைப்பார்.

இவற்றுள் எதுவும் முற்றிலும் பிழையன்று. ஆயினும் வரிசை தவறினால் தீங்கு நேரும். குறைந்த கூலியும் நிலையற்ற வேலையும் தந்த துயரைப் பாவம் என்று கண்டிப்பது யோபின் நண்பர் செய்த தவறாகும். அவர்கள் ஏழு நாள் மௌனமாய் அமர்ந்திருந்தவரை ஆறுதலாக இருந்தனர். வாய் திறந்தபின் பாரமாயினர். மேலும், கூலியையும் வேலைநேரத்தையும் பற்றி இந்நெறிகள் பெரும்பாலும் பேசுவதில்லை. தீர்க்கதரிசிகளின் வாரிசாகிய திருச்சபை அதனைப் பேசக் கடமைப்பட்டது.

குற்றவுணர்வைப் பொறுத்தும் பகுத்தறிதல் வேண்டும். பிறருக்குச் செய்த தீமையால் எழும் குற்றவுணர்வுக்கு அறிக்கையும் மன்னிப்பும் ஈடுசெய்தலும் தேவை. நோயினால் எழும் குற்றவுணர்வோ எத்தனை முறை மன்னிப்பை அறிவித்தாலும் தணியாது. அதற்கு மருத்துவரின் உதவி தேவை.

4. சொல்லும் பணியும்

நாம் வழங்கும் "ஆலோசனை" என்ற சொல், அறிவுரை கூறுதல் என்ற பொருளையே மக்கள் மனத்தில் எழுப்புகிறது. ஈழத்தமிழர் "உளவளத்துணை" என்றும் "ஆற்றுப்படுத்தல்" என்றும் வழங்குவர். 1990 முதல் கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழ அகதிகள் நம் அண்டையர். அவர்களுடைய சொல்லிலிருந்து நாம் கற்கலாம். ஆறு என்பது வழி. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்றவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்குத் தான் நடந்த வழியைக் காட்டுகிறான், நடப்பவனோ மற்றவனே. இவ்வுறவில் ராஜர்ஸின் மதிப்பும் உண்டு, நெகி நாடிய வழிகாட்டுதலும் உண்டு. தாமே நோயுற்றுத் தேறிப் பிறருக்கு உதவிய பாய்சனும் இவ்வழியில் நின்றவரே.

வழியைக் காட்டுகிறவர் தம் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று ஆயர் நேராகக் கேட்கத் தயங்கலாகாது. கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. உண்டெனில், அவரைத் தனியே விடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லல் வேண்டும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பும், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையும் (14416) துணை நிற்கும். மருத்துவரிடம் அனுப்புவதால் ஆயரின் பணி முடிந்துவிடுவதில்லை. மருந்து உண்ணும் மாதங்களில் அவ்வீட்டிற்குத் தொடர்ந்து செல்வதும், திருவிருந்தில் அவருக்குரிய இடத்தைக் காப்பதும் எந்த மருத்துவமனையும் செய்ய இயலாத பணிகள். நெறிகளைக் கற்கும் இறையியல் மாணவர், அவற்றோடு இதனையும் கற்றுக்கொள்வாராக.