சேலம் டரன்டுலாவைக் கையாளுதல்

சேலம் டரன்டுலா, போசிலோதீரியா ஃபார்மோசா என்னும் அறிவியல் பெயர் கொண்ட மரவாழ் சிலந்தி. சேலம் மாவட்டம் காடையாம்பட்டியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆர். ஐ. போக்காக் 1899இல் இதை முதன்முதலாக விவரித்தார். வெளிநாட்டில் சிலந்தி வளர்ப்போரிடையே இதற்கு 'சேலம் ஆர்னமென்டல்' என்று பெயர். மாம்பழத்தையும் எஃகையும் அடுத்து ஊர்ப்பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோன சேலத்துச் சரக்கு இதுதான் எனலாம். ஆனால் உள்ளூரில் இதைக் கண்டவர்கள் மிகக் குறைவு. பகலெல்லாம் பழைய மரங்களின் பொந்திலும் பட்டை இடுக்கிலும் பதுங்கியிருந்து, இருட்டிய பிறகே பூச்சி பிடிக்க வெளியே வருவது அதற்குக் காரணம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் நிலையிலுள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

வளர்ப்போரிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு: சீறும் குணமுள்ள டரன்டுலாவைக் கையில் எடுக்கலாமா? இந்தச் சிலந்தியைப் பொறுத்தவரை விடை எளிது. எடுக்கக் கூடாது.

அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பூட்டும் மயிர் உண்டு. தொந்தரவு செய்தால் பின்னங்காலால் அந்த மயிரை உதிர்த்து எதிரியின் மேல் வீசும். கடிப்பது அவற்றுக்குக் கடைசி வழி. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவற்றுக்கு அந்த ஆயுதம் கிடையாது. ஆகவே ஓடும், ஓட வழியில்லையென்றால் கடிக்கும். சேலம் டரன்டுலா இரண்டிலும் கெட்டி. நெருக்கினால் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து முன்னங்கால்களை உயர்த்தும். மேலே சாம்பலும் பழுப்புமாக மரப்பட்டையோடு கலந்து கிடந்த சிலந்தியின் கால் அடிப்பக்கம் அப்போது பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாகத் தெரியும். விஷப்பற்கள் விரியும். எல்லாச் சிலந்தியும் இந்த எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் கடிக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

"என்னிடம் நன்றாகப் பழகிவிட்டது" என்பது வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நாய் பூனை பழகுவதுபோல் டரன்டுலா ஆளை அடையாளம் கண்டு பழகுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கால் மயிர்களில் படும் அதிர்வும் காற்றசைவும்தான் அதன் உலகம். எட்டுக் கண் இருந்தும் பார்வை மங்கல். உள்ளங்கை அதற்கு வெதுவெதுப்பான ஒரு தரை, அவ்வளவே. பத்து முறை அமைதியாக நடந்து போன சிலந்தி, பதினோராவது முறை யாரோ கதவைச் சாத்திய அதிர்வில் தோள்வரை பாய்ந்துவிடலாம். தோலுரித்த பின் அதன் போக்கு மாறிவிடுவதையும் வளர்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கடியின் விளைவு சாதாரணமானதல்ல. 2014இல் டாக்சிகான் இதழில் வெளியான சுவிட்சர்லாந்து மருத்துவர்களின் ஆய்வுக் கட்டுரை, போசிலோதீரியா பேரினத்தின் கடிகள் குறைத்து மதிப்பிடப்பட்டு வந்ததைக் காட்டியது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் வருவது எதிர்பார்த்ததுதான். கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வந்தது. அதுவும் சராசரியாக 10 மணி நேரம் கழித்து. சிலருக்கு அது நாள்கணக்கில் நீடித்தது. வலி அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று படுத்துவிடுபவருக்கு நள்ளிரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது இப்படித்தான். உயிரிழப்பு பதிவானதில்லை. இந்த விஷத்துக்கென முறிமருந்து கிடையாது; வலிநிவாரணியும் தசையைத் தளர்த்தும் மருந்தும்தான் சிகிச்சை. பாம்புக்கடிக்கான முறிமருந்து இதற்குப் பயன்படாது என்பதால், மருத்துவரிடம் கடித்தது சிலந்தி என்பதையும் கடித்த நேரத்தையும் சொல்வது அவசியம்.

சிலந்திக்கும் இதில் நட்டம் உண்டு. அதன் வயிற்றுத் தோல் மெல்லியது. கைதவறி விழுந்தால் வயிறு கிழிந்து உடல்திரவம் வடியும். காலை நீட்டுவதே அந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான் என்பதால், திரவம் வடிந்த சிலந்தி நடக்கவும் முடியாமல் கால் மடங்கிச் சாகும். பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய பெண் சிலந்தி ஒரு புகைப்பட ஆசையில் போய்விடுகிறது. தோலுரித்த புதிதில் ஆபத்து இன்னும் அதிகம், விஷப்பற்கள்கூட இறுகியிருக்காது.

கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டும், இடம் மாற்ற வேண்டும் என்றால் கை தேவையில்லை. அகன்ற வாயுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவைச் சிலந்தியின் முன்னால் பிடித்து, நீண்ட மென்தூரிகையால் பின்னங்காலை லேசாகத் தொட்டால் அதுவே டப்பாவுக்குள் நகரும். பிறகு அட்டையைச் செருகி மூடலாம். மரப்பட்டைக்குள் ஒளிந்திருந்தால் பட்டையோடு சேர்த்து மாற்றுவதே நல்லது. இதையெல்லாம் மேசை மேல் செய்யாமல் தரையில் உட்கார்ந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். அனுபவமுள்ளவர்களுக்கு இதில் பெருமை எதுவும் தோன்றுவதில்லை. வெறுங்கையில் ஏந்திப் படம் போடுபவர்களுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது.

சாதுவாகப் பெயர்பெற்ற அமெரிக்க வகைகளைக் கையில் எடுப்பதிலும் தொல்லை இல்லாமலில்லை. அவற்றின் மயிர் கண்ணின் கருவிழியில் குத்தி நெடுநாள் அழற்சி தந்த நிகழ்வு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து லான்செட் இதழில் பதிவாகியுள்ளது. வெளிநாட்டுச் சிலந்திகள் மீதான ஆசை தமிழ்நாட்டிலும் பரவியிருக்கிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சென்னை விமானச் சுங்கத்தினர் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அவற்றைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப ஏற்பாடாயிற்று.

நம் ஊர்ச் சிலந்திக்கும் இப்போது சட்டக்காவல் உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, போசிலோதீரியா பேரினம் முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் சைட்டிஸ் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணை வகுத்து, அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் மரப்பொந்தில் கண்ட சிலந்தியைப் பிடித்து வந்து வளர்ப்பது இதனால் வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. வழிதவறி வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்கவும் வேண்டாம், கையால் பிடிக்கவும் வேண்டாம். டப்பாவும் அட்டையும் போதும். கொண்டுபோய் விடுவதற்குப் பக்கத்திலுள்ள பழைய புளியமரமோ பொந்துள்ள வேறு மரமோ பொருத்தமான இடம்.