அரசின் வாசலில் நண்பர்கள் சபை

1661 ஜனவரியில் லண்டன் நகரில் ஒரு சிறு கூட்டம் ஆயுதம் ஏந்திக் கலகம் செய்தது. கிறிஸ்துவின் ராஜ்யத்தை வாளால் நிறுவிவிடலாம் என்று நம்பியவர்கள் அவர்கள். கலகம் சில நாளில் அடங்கிவிட்டது. ஆனால் அதில் எந்தப் பங்கும் இல்லாத குவேக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். நண்பர்கள் சபை என்று பெயர் பெற்ற அந்த இயக்கம் தோன்றிப் பத்தாண்டு ஆகியிருந்த காலம் அது. அதே மாதத்தில் அதன் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸும் தோழர்களும் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு ஓர் அறிக்கை அளித்தார்கள். உலக அரசுக்காகவும் சரி, கிறிஸ்துவின் அரசுக்காகவும் சரி, தாங்கள் ஒருபோதும் ஆயுதம் எடுக்கப் போவதில்லை என்று அதில் அறிவித்தார்கள். முந்தைய ஆண்டே மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி லண்டனுக்கு வந்து, இதே கருத்தை எழுதி மன்னரிடம் சேர்த்திருந்தார்.

விசுவாசத்தின் பெயரால் அரசின் கொள்கையை மாற்றும்படி கேட்கும் மரபைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தச் சிறு சபையைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் இந்த வேலையை விடாமல் செய்துவருகிறார்கள். எப்போதெல்லாம் அரசிடம் கேட்பதற்கு முன் தங்களையே கேட்டுக்கொண்டார்களோ, அப்போதெல்லாம் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்தது. கேட்டுக்கொள்ளத் தவறிய இடங்களில் அவர்களும் அநியாயத்தின் கையாட்களாகவே இருந்தார்கள்.

தொடக்கத்தில் அவர்கள் கேட்டது தங்கள் உரிமையைத்தான். மலைப்பிரசங்கத்தில் இயேசு சத்தியம் பண்ண வேண்டாம் என்று சொன்னதை அவர்கள் அப்படியே கைக்கொண்டார்கள். நீதிமன்றத்திலும் பிரமாணம் எடுக்க மறுத்ததால், அவர்களைச் சிறையில் அடைக்க நீதிபதிகளுக்கு வேறு குற்றமே தேவைப்படவில்லை. 1670களின் நடுவில் லண்டனில் இதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். எந்த மாவட்டத்தில் யார் சிறைப்பட்டார், யார் வீட்டுப் பொருள்கள் ஜப்தி ஆயின என்ற விவரங்களை ஊர் ஊராகத் திரட்டி எழுதிவைத்தது அது. அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்கள். பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி போதும் என்ற சட்டம் 1696இல் வந்தது. கண்ணீரோடு மட்டும் போகாமல் கணக்கோடும் போன விண்ணப்பம் அது.

அடிமை முறை விஷயத்தில்தான் இந்தச் சபையின் உள்ளம் முழுதாகத் தெரிகிறது. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் ஃபிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ் உள்ளிட்ட நால்வர், மனிதரை விலைக்கு வாங்கி விற்பது அநியாயம் என்று எழுதிச் சபையின் முன் வைத்தார்கள். சபையின் உள்ளூர்க் கூட்டம் ஒன்று அதை மேல் கூட்டத்துக்கு அனுப்பியது. மேல் கூட்டம் இது பெரிய விஷயம் என்று இன்னும் மேலே அனுப்பியது. அங்கே அது கிடப்பில் போடப்பட்டது. ஏனென்றால் சபையின் செல்வந்தர் பலருடைய வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். பிறகு வந்த பெஞ்சமின் லே உரக்கக் கண்டித்தார். சபை அவரை விலக்கி வைத்தது.

ஜான் உல்மனின் வழி வேறு. நியூ ஜெர்சியைச் சேர்ந்த இந்தத் தையற்காரர் இளமையில் முதலாளியின் கடையில் எழுத்தராக இருந்தபோது, ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதும்படி நேர்ந்தது. எழுதிக் கொடுத்துவிட்டார்; ஆனால் அந்த உறுத்தல் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அடிமைகள் வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். திட்டாமல், உட்கார்ந்து பேசினார். அடிமைகளின் கையால் விளைந்த சர்க்கரையைத் தொடுவதை விட்டார். 1758இல் சபையின் ஃபிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்போரைச் சந்தித்து மனம் திருப்ப ஆட்களை நியமித்தது. 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சபையிலிருந்து நீக்க முடிவு செய்தது. ஜெர்மன்டவுன் தாளிலிருந்து அதற்கு 88 ஆண்டுகள் ஆயின. இவ்வளவு தாமதத்தைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நெடிய உள்வீட்டுப் போராட்டம் முடிந்த பிறகே அவர்கள் அரசிடம் போனார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1783இல் பிரிட்டிஷ் குவேக்கர்கள் அடிமை வாணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1787 மே மாதம் லண்டனில் ஓர் அச்சகத்தில் கூடி அந்த வாணிகத்தை ஒழிக்கக் குழு அமைத்த பன்னிருவரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். பிரமாணம் எடுக்காதவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை என்பதால், அவையில் பேச வில்பர்ஃபோர்ஸ் போன்ற ஆங்கிலிக்க உறுப்பினர்களை நாட வேண்டியிருந்தது. பேரும் புகழும் யாருக்குப் போனாலும் சரி என்று பின்னால் நின்று உழைத்தார்கள். 1807இல் வாணிகம் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் 1790 பிப்ரவரியில் முதல் காங்கிரஸின் முன் அவர்கள் வைத்த விண்ணப்பத்துக்கு அத்தகைய பலன் கிடைக்கவில்லை. தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். விடுதலைப் போரில் துப்பாக்கி தூக்காதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சாடினார்கள்.

அதே மரபில், 1943இல் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ரிச்மண்டில் கூடிய குவேக்கர்கள் தேசியச் சட்டமியற்றலுக்கான நண்பர்கள் குழுவைத் தொடங்கினார்கள். ஈ. ரேமண்ட் வில்சன் அதன் முதல் செயலாளர். வாஷிங்டனில் முழுநேரமும் இருந்து சமாதானத்துக்காக வாதாடுவதே வேலை. எதற்காகப் பேசுவது என்று தலைமை தானாக முடிவெடுப்பதில்லை. நாடெங்கும் உள்ள கூட்டங்களைக் கேட்டு, ஒருமித்த மனது உண்டாகும் வரை காத்திருந்து முன்னுரிமைகளை வகுக்கிறார்கள். வேட்பாளர் எவருக்கும் பணம் கொடுப்பதில்லை.

இந்தக் குழுவின் வேலை நம் நாட்டையும் தொட்டிருக்கிறது. 1951இல் பீகாரும் சென்னை மாநிலமும் வறட்சியில் தவித்தபோது இந்தியா அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டது. கொரியப் போரில் நேரு எடுத்த நிலையால் எரிச்சல் அடைந்திருந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பசித்தவனுக்கு உணவு கொடுக்க அவன் அரசின் கொள்கையைப் பார்ப்பதா என்று வாதாடியவர்களில் வில்சனும் இருந்தார். ஜூன் மாதம் 19 கோடி டாலர் கடனுக்கான சட்டம் நிறைவேறியது. 1961இல் ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்று அமெரிக்க அரசில் தனி முகமை உருவானதற்குப் பின்னாலும் இவர்களின் உழைப்பு உண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு, இவர்களே செய்த தீங்கை மறைத்துவைப்பது முறையல்ல. 1869இல் அமெரிக்க அதிபர் கிராண்ட் பூர்வகுடிகளை நிர்வகிக்கும் பொறுப்பில் ஒரு பகுதியைக் குவேக்கர்களிடம் ஒப்படைத்தார். சமாதானக் கொள்கை என்று அதற்குப் பெயர். குவேக்கர்கள் நடத்திய விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்தன, தாய்மொழியை மறக்கடித்தன. நல்லது செய்கிறோம் என்று மனமார நம்பியே செய்தார்கள். எனக்கு மிகவும் அச்சமூட்டும் பகுதி இதுதான். மன்னரின் எதிரில் நின்று பேசிய சபை, அரசு தன் அருகில் இருக்கை போட்டுக் கொடுத்தபோது, அந்தப் பூர்வகுடிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்க மறந்துபோனது.

இப்போது அந்த விடுதிப் பள்ளிகளின் வரலாற்றை விசாரிக்க உண்மை மற்றும் குணப்படுத்தல் ஆணையம் அமைக்க வேண்டும் என்று வாஷிங்டனில் பூர்வகுடி அமைப்புகளோடு சேர்ந்து வாதாடுகிறது நண்பர்கள் குழு. அந்த விசாரணையில் தன் சபையின் பழைய ஏடுகளும் திறக்கப்படும் என்று தெரிந்தே கேட்கிறது. 2024 ஜனவரியில் அலாஸ்காவின் குவேக்கர்கள் கேக் என்ற டிலிங்கிட் ஊருக்குப் போய், தங்கள் முன்னோரின் பள்ளிகள் செய்த தீங்குக்கு மன்னிப்புக் கேட்டு, அங்கே குணப்படுத்தும் மையம் ஒன்றை அமைக்கப் பணமும் அளித்தார்கள்.