ரவாங் முதல் வீட்டு முகப்பு வரை: மின்னூட்டியின் வரலாறு

மலாயாவில் மின்சாரம் வந்த வரலாற்றை எழுதப் புகுவோர் ஒரு தமிழரின் பெயரைக் குறிப்பிடாது மேற்செல்லுதல் இயலாது. 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூரின் ஆங்கிலேய ரெசிடெண்டாக நியமிக்கப்பெற்ற டேவிட்சனோடு இம்மாநிலத்திற்கு வந்து, அரசாங்கக் கருவூலத்தில் உயர்பதவி வகித்த தம்புசாமிப் பிள்ளையை நாம் கோலாலம்பூர் மாரியம்மன் கோவிலோடும் பத்துமலைத் தைப்பூசத்தோடும் சேர்த்தே நினைக்கிறோம். அவருக்கு மற்றொரு முகமும் உண்டு. சீனப் பெருவணிகர் லோக் யூவோடு கூட்டுச் சேர்ந்து, 1894ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி, மின் இறைப்பியால் சுரங்க நீரை வெளியேற்றியவர் அவர். இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களில் மின் இறைப்பியைக் கையாண்ட முன்னோடிகள் இவ்விருவரே எனப் போற்றப்படுகின்றனர். மின்சாரம் நம் மண்ணில் முதன்முதல் கால் வைத்தது வீட்டு விளக்குக்காக அன்று. தொழிலுக்காகவே என்பது இதனாற் புலனாகும்.

கோலாலம்பூர் நகருக்கு 1905ஆம் ஆண்டளவில் கோம்பாக் ஆற்றின் நீர்விசை மின்சாரம் தந்தது. நகரம் வளர வளர அது போதாதாயிற்று. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பங்சாரில் பெரிய அனல் மின்நிலையம் எழுந்தது. அதற்கு வேண்டிய நிலக்கரி பத்து ஆராங்கிலிருந்து இருப்புப்பாதை வழியே வந்தது. இருப்புப்பாதைக்கு மறுபுறம் இருந்ததே பிரிக்பீல்ட்ஸ். நகரத்தின் செங்கற்களைச் சுட்டெடுத்த சூளைகளால் பெயர்பெற்ற அவ்விடம், பின்னர் இரயில்வே பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த தமிழர் பேட்டையாயிற்று. தண்டவாளம் பதித்தவரும் வண்டி ஓட்டியவரும் கணக்கெழுதியவருமாகத் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்குக் குடியேறினர். நகருக்கு ஒளியூட்டிய கரி அவர்கள் வாசலைக் கடந்தே சென்றது.

தோட்டப்புறங்களின் நிலையோ வேறு. துரை பங்களாவில் மின்னாக்கி ஓடிய காலத்திலும், பல தோட்டங்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அவ்விளக்கின் முன் அமர்ந்து படித்து ஆசிரியரானவர் பலர் இதனைப் படிப்போருள் இருப்பர், விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1953இல் கிள்ளான் ஆற்றங்கரையில் கோனாட் பிரிட்ஜ் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் வாரியம் தேசிய மின்சார வாரியமாகவும், 1990இல் தெனாகா நேசனல் நிறுவனமாகவும் பெயரும் அமைப்பும் மாறிற்று. இடையில் 1980ஆம் ஆண்டுகளில் காப்பாரில் எழுந்த மின்நிலையம் நாட்டின் மாபெரும் மின்நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்து, 2,420 மெகாவாட் திறனை எட்டியது. கிள்ளான் மாணவர்க்கு அதன் புகைபோக்கிகள் புதியன அல்ல.

இவ்வாறு வீட்டுக்கு வந்து சேர்ந்த மின்சாரம் எதற்காக வந்தது? விளக்கு, விசிறி, வானொலி, பின்னர் குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி. நம் வீட்டுச் சுவரிலுள்ள மூன்று கால் செருகுவாய், இரண்டாம் உலகப் போருக்குப்பின் செம்புத் தட்டுப்பாட்டில் உழன்ற பிரிட்டன் 1947ஆம் ஆண்டில் வகுத்த தரத்தின் வழிவந்தது. 13 ஆம்பியர் தாங்கும் அச்செருகுவாய், ஒரு கேத்தலைச் சில நிமிடங்களும் ஓர் இஸ்திரிப்பெட்டியைச் சிறிது நேரமும் சூடாக்குவதை எண்ணி அமைந்தது. இரவெல்லாம் ஓய்வின்றி ஒரு மகிழுந்துக்கு மின்னூட்டும் வேலை அதன் தலையில் விழும் என எவரும் அன்று கருதியிருக்கமாட்டார். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் வரிசை வீடுகளில் மின் மகிழுந்துகள் நிற்கின்றன. எந்த மின்னூட்டியை வாங்குவது என்னும் வினாவும் அவற்றோடு வந்து நிற்கிறது. விற்பனையாளரின் விடை ஒருபுறம் இருக்க, வரலாறு தரும் விடையை ஈண்டு நோக்குவோம்.

மின் மகிழுந்து நேற்றுப் பிறந்த குழந்தையன்று. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மகிழுந்துகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்கலத்தால் ஓடியவை. கைப்பிடியைச் சுழற்றி இயக்க வேண்டாமையாலும் புகையும் இரைச்சலும் இன்மையாலும் நகர மக்கள் அவற்றை விரும்பினர். ஹென்றி போர்டின் மனைவியாரே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்னும் மின் மகிழுந்தை ஓட்டினார். அக்காலத்தும் இடர்ப்பாடு வீட்டிலேதான் எழுந்தது. மின்கலம் ஏற்பது நேர்திசை மின்னோட்டம். பல வீடுகளுக்கு வந்ததோ மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குப் பீட்டர் கூப்பர் ஹியூவிட் 1902இல் கண்ட பாதரச வில் மாற்றி கைகொடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதனைச் சலவைக்கல் பலகையிற் பொருத்தி, மகிழுந்துக் கொட்டகையில் வைப்பதற்கென விற்றது. கண்ணாடிக் குமிழுக்குள் நீலப் பச்சை ஒளி நெளிய, இரவு முழுதும் அது வேலை செய்தது. வீட்டு மின்னூட்டியின் மூதாதை அதுவே. 1912இல் கேடிலாக் மகிழுந்தில் மின் தொடக்கி வந்தது, பெட்ரோலும் மலிந்தது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கவே மின் மகிழுந்தின் சிறப்பும் மங்கிற்று.

இரண்டாம் முறை அது தலைகாட்டியபோது நேர்ந்தது இன்னும் படிப்பினை மிக்கது. 1990ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலம் புகையற்ற வண்டிகளை விற்குமாறு மகிழுந்து நிறுவனங்களைப் பணித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் ஈவி-1 என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் மின்னூட்டி துடுப்பு வடிவினது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் காந்தப்புலத்தின் வழியே மின்னாற்றலைச் செலுத்தியது. மழையிலும் அச்சமின்றிக் கையாளலாம் என்பது அதன் பெருமை. டொயோட்டாவின் வண்டி சிலவும் நிசானும் துடுப்பை ஏற்றன. ஹோண்டாவும் போர்டும் தொட்டுப் பாயும் செருகியை ஏற்றன. ஒரே மாநிலத்தில் இருவகை மின்னூட்டிகள்! பொதுவிடங்களில் இரண்டையும் அருகருகே நிறுவ வேண்டியதாயிற்று. 2001ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் காற்றுவள வாரியம் தொடுசெருகியையே தரமெனத் தீர்மானித்தது. துடுப்பு வகையைச் சுவரில் மாட்டியவர்க்கு எஞ்சியது வெறும் பெட்டி. அத்துடுப்பு ஓர் அருமையான பொறியமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தரம் வேறு பக்கம் சென்றபின் அருமையால் என்ன பயன்?

அதே 2001ஆம் ஆண்டில் இந்தியாவின் பெங்களூரில் ரேவா என்னும் சிறிய மின் மகிழுந்து விற்பனைக்கு வந்தது. அதற்குத் தனி மின்னூட்டியே வேண்டா. வீட்டிலுள்ள 15 ஆம்பியர்ச் செருகுவாயே போதும். வண்டி சிறிது, மின்கலமும் சிறிது, ஆதலின் அம்முறை ஒத்துவந்தது. மின்கலம் பெரிதாகப் பெரிதாக இவ்வெளிமை மறைந்தது.

மூன்றாம் வருகையில் செருகிகள் மெல்ல ஒழுங்குபட்டன. அமெரிக்காவும் ஜப்பானும் ஐந்து ஊசிகளைக் கொண்ட முதல் வகையை ஏற்றன. ஜெர்மனியின் மென்னெக்கஸ் நிறுவனம் வடிவமைத்த ஏழு ஊசிச் செருகி இரண்டாம் வகை எனப் பெயர் பெற்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறியால் அங்குப் பொதுத் தரமாயிற்று. மும்முனை மின்சாரத்தையும் ஏற்கவல்லது அது. மலேசியாவிலும் இன்று விற்கப்படும் புது வண்டிகளின் வீட்டு மின்னூட்டத்திற்கு இரண்டாம் வகையே வழக்கு. ஆனால் 2013ஆம் ஆண்டில் இங்கு வந்த மிட்சுபிசி ஐ-மீவ் முதல் வகையைக் கொண்டது. பழைய வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டுவது விலையை அன்று, வண்டியின் செருகுவாயை.

சொல்லாட்சி பற்றியும் ஒரு வார்த்தை. சார்ஜர் என்று வழங்கும் கருவியை மின்னூட்டி, மின்னேற்றி என இருவகையாகத் தமிழில் எழுதுகின்றனர். ஊட்டுதல் என்னும் வினையில் அளவறிந்து தருதல் என்னும் கருத்தும் இருப்பதால் மின்னூட்டி என்பதே எனக்கு உவப்பானது. எனினும் சுவரில் மாட்டும் பெட்டிக்கு அப்பெயர் முழுதும் பொருந்தாது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும் உண்மையான மின்னூட்டி இன்று வண்டிக்குள்ளேயே இருக்கிறது. கூப்பர் ஹியூவிட் காலத்தில் சுவரோரம் நின்ற மாற்றி, வண்டியினுள் குடிபுகுந்துவிட்டது. சுவர்ப்பெட்டி ஒரு வாயிற்காப்போன். செருகி பொருந்தியதா, நிலக்கம்பி இணைந்துள்ளதா என்று பார்த்து, ஒரு சிறு சைகைக் கம்பியின் வழியே "இத்துணை ஆம்பியர்தான் எடுக்கலாம்" என்று வண்டிக்கு உரைத்து, அதன்பின்னரே மின்சாரத்தைத் திறந்துவிடும். செருகியைக் கையில் வைத்திருக்கும்போது அதில் மின்சாரம் இராது. துடுப்பு வேண்டாமற்போனமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இவ்வுண்மை விளங்கினால் விளம்பரத்தின் மயக்கம் பாதி தெளியும். 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் வண்டிக்குள் இருக்கும் மாற்றி 7 கிலோவாட்டே ஏற்குமாயின், பாய்வது 7 கிலோவாட்டே. ஒருமுனை மின்சாரத்தில், 230 வோல்ட், 32 ஆம்பியர் என்னும் கணக்கில் கிடைப்பது ஏறத்தாழ 7.4 கிலோவாட். மும்முனையில் 16 ஆம்பியராயின் 11 கிலோவாட். 32 ஆம்பியராயின் 22 கிலோவாட். (நம் நாட்டின் வீட்டு மின்னழுத்தம் முன்பு 240 வோல்ட்; 2008 முதல் 230 வோல்ட் என வகுக்கப்பட்டது.) கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்று திரும்பும் ஒருவர் நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 15 அலகு மின்சாரம் செலவாகும் வண்டியாயின், அவருக்கு வேண்டுவது பத்தரை அலகு. 7.4 கிலோவாட் பெட்டி அதனை ஒன்றரை மணி நேரத்தில் ஊட்டிவிடும். வண்டி வீட்டில் நிற்பதோ பத்து மணி நேரம். ஆகவே மின்னிணைப்பையே மும்முனைக்கு மாற்றிப் பெரும்பணம் செலவிட்டு 22 கிலோவாட் பெட்டி மாட்டுவது, பலருக்குத் தேவையற்ற ஆடம்பரம் என்பதே என் கருத்து.

வேகத்தினும் வீட்டின் தாங்குதிறனே முதலில் எண்ணத்தக்கது. பழைய வரிசை வீடுகள் பலவற்றுக்கு ஒருமுனை இணைப்பே உண்டு. முதன்மை உருகி 60 ஆம்பியர் அளவினதாக இருப்பது பெருவழக்கு. மின்னூட்டி 32 ஆம்பியர், குளியலறை வெந்நீர்க் கருவி ஏறத்தாழ 15 ஆம்பியர், இரண்டு மூன்று குளிர்சாதனங்கள், மின் அடுப்பு என ஒரே வேளையில் இயங்கினால் எல்லை நெருங்கிவிடும். வீட்டின் மொத்தப் பயன்பாட்டை அளந்து, தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்ளும் மின்னூட்டிகள் இதற்கெனவே உள்ளன. இவ்வசதி இருக்கிறதா என்று கேட்பது, கைப்பேசிச் செயலி எத்தனை வண்ணத்தில் இருக்கிறது என்று கேட்பதினும் நன்று.

மற்றொன்று கசிவு. மின்கசிவைக் கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக்கருவி நம் வீடுகளில் உண்டு. ஆயின் சாதாரண வகை, மாறுதிசைக் கசிவையே உணரும். வண்டியிலிருந்து நேர்திசைக் கசிவு வந்தால் அதன் உணர்திறன் மழுங்கி, மெய்யான ஆபத்து வரும் வேளையில் உறங்கிவிடக்கூடும். எனவே 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவை உணரும் அமைப்பு பெட்டிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். இல்லையேல் "பி" வகைக் காப்புக்கருவியைத் தனியே பொருத்துதல் வேண்டும். மின்னூட்டிக்கெனத் தனிக்கம்பி இழுப்பதும் இன்றியமையாதது. இவ்வேலையை எரிசக்தி ஆணையத்திற் பதிவுபெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். அண்டை வீட்டுத் தம்பி கைதேர்ந்தவனாயினும் இதில் அவனை நாடலாகாது.

அரசாங்கச் சலுகையும் உண்டு. மின்னூட்டக் கருவியை வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2022ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 2,500 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு வழங்கப்பட்டு, 2027 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. 2025 ஜூலையில் வந்த புதுக் கட்டண முறையில் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தவர்க்கு, வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்சநேரம். மற்ற நேரமும் வார இறுதியும் மலிவு. நேரம் குறித்து வைத்தால் இரவு 10 மணிக்குமேல் தானே ஊட்டத் தொடங்கும் பெட்டி, அதன் விலையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும்.

இதுகாறும் சொன்னவை தரைவீடு உடையவர்க்கே. பிரிக்பீல்ட்ஸில் பழைய இரயில்வே குடியிருப்புகள் பல இடிபட்டு, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. அங்கு வாழ்வோர்க்கு வண்டி நிற்கும் இடம் ஒரு தளத்தில். மின்மானி வேறொரு தளத்தில். இடைப்பட்ட சுவர்களெல்லாம் பொதுச்சொத்து. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமைந்த கூட்டு நிர்வாகத்தின் இசைவின்றி அவற்றில் ஒரு கம்பியும் இழுக்க இயலாது. இசைவு கேட்டால் தீ விபத்தைப் பற்றிய அச்சமும், பொது மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்னும் வழக்கும் எழுகின்றன. இரண்டும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆயினும் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து மறுக்கப்படுவதினும், கட்டடத்தின் மொத்த மின்திறனை ஒருமுறை அளந்து, சில நிறுத்துமிடங்களில் பொது மின்னூட்டிகளை நிறுவி, பயன்படுத்திய அலகுக்கேற்பக் கட்டணம் பெறுவதே செய்யத்தக்கது. பங்களாவில் விளக்கும் லயத்தில் மண்ணெண்ணெயும் எரிந்ததைக் கண்டவர்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதனை எழுந்து கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வாகன நிறுத்துமிடத்துச் சுவரில் துப்புரவுப் பணிக்கென வைத்த 13 ஆம்பியர்ச் செருகுவாயில் நீட்டிப்புக் கம்பியைச் செருகி, இரவோடிரவாக மின்னூட்டும் வழக்கம் மட்டும் அதுவரை நிற்க வேண்டும்.