குடியம் குன்றுகளும் திருத்தணிக் கல்வெட்டும்

மலை என்றவுடன் பொதிகையும் குற்றாலமும் பழனியும் நம் புலவர் நெஞ்சில் எழுவது இயல்பு. திருவள்ளூர் மாவட்டத்துக் குன்றுகளை நினைப்பவர் சிலரே. கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளையும், நெடுஞ்சாலையில் ஓயாது செல்லும் சரக்குந்துகளையும் நாள்தோறும் காணும் நமக்கு, மேற்கே சிறிது தொலைவில் மனித வரலாற்றாய்வில் உலகறிந்த ஒரு நிலப்பகுதி உண்டு என்பது மறந்தே போகின்றது. அக்குன்றுகளில் நடந்து எதைக் காணலாம், கண்டதை எவ்வளவு சொல்லலாம் என்று எண்ணிப் பார்ப்பது, கவிஞர் பலர் கூடியுள்ள நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குப் பொருத்தமாகும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே ஊத்துக்கோட்டையை அடைந்து, தெற்கே திரும்பினால் பூண்டியை எய்தலாம். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற நீர்த்தேக்கம் இங்குள்ளது. சென்னை மாநகரின் மேயராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கியுள்ளது. 1996ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணையின் நீரும் கால்வாய் வழியே இதனை வந்தடைகின்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகமும் பூண்டியில் உண்டு. மலையேறுவதற்கு முன் அதனைக் கண்டு செல்வது நன்று. கண்ணாடிப் பேழையில் ஒரு கைக்கோடரியைப் பார்த்தவருக்கே, காலடியில் கிடக்கும் கற்களுள் எது மனிதக் கை பட்டது என்பது ஓரளவு விளங்கும்.

பூண்டிக்கு அப்பால் குடியம் என்னும் சிற்றூர். ஊரைக் கடந்தால் காப்புக்காடு தொடங்குகின்றது. வனத்துறையின் இசைவு பெற்றும், வழியறிந்த ஊரார் ஒருவரை உடன்கொண்டும் செல்லுதல் வேண்டும். அல்லிக்குளி மலைத்தொடர் எனப்படும் இக்குன்றுகள் நானூறு மீட்டர் உயரத்தை எட்டாதவை. ஓங்கிய மரங்கள் குறைவு. களாவும் காரையும் சூரையும் அடர்ந்த முட்புதர்களே மிகுதி. மழை பெய்த கார்த்திகையில் முல்லையாகவும், சித்திரையில் பாலையாகவும் தோன்றும் நிலம் இது. முல்லை திரிந்து பாலையாகும் என்று வகுப்பறையில் உரைத்தால் விளங்காதது, இங்கு இரு பருவங்களில் நடந்தால் விளங்கும். மேட்டில் நின்று நோக்கினால் ஒருபுறம் நீர்த்தேக்கத்தின் பரப்பும், வடமேற்கே நகரி மலைகளின் நீலமும் கண்ணுக்கு இனிமை தரும்.

வழியெங்கும் கூழாங்கற்கள். ஆற்றில் கிடக்கவேண்டிய உருண்டைக் கற்கள் மலைமேல் கிடப்பானேன்? பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் நீரோட்டங்கள் உருட்டி வந்து குவித்த கற்கள், மணலோடு இறுகிப் பாறையாயின. அப்பாறை அரிக்கப்படும்தோறும் கற்கள் மீண்டும் வெளிப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் உறுதியான கல்வகையைச் சார்ந்தவை. தட்டினால் கூரிய விளிம்போடு பெயரும் இயல்புடையவை. தொல்மாந்தர் இப்பகுதியை நாடியதற்கு நீரும் வேட்டையும் மட்டுமன்றி, இக்கல்லும் ஒரு காரணமாயிற்று.

வழி முடியுமிடத்தில் மலையே வாய் திறந்தாற்போல் குடியம் குகை நிற்கின்றது. ஆழ்ந்த குகை என்பதினும், முன்னோக்கிக் கவிந்த பெரும் பாறைத் தாழ்வாரம் என்பதே பொருந்தும். பாறையில் தேனடைகள் தொங்குவதால், புகையும் கூச்சலும் ஆகா. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் சார்பில் கே. டி. பானர்ஜி இங்கு அகழ்ந்தார். பழைய கற்காலத்துக் கருவிகள் முதல், காலத்தால் பிற்பட்ட நுண்கற்கருவிகள் வரை கிடைத்தன.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் இராபர்ட் புரூஸ் பூட். நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கல்லாலான கருவியைக் கண்டெடுத்தார். மனிதனின் தொன்மை பற்றிய வழக்கு ஐரோப்பாவில் அப்போதுதான் தீர்ந்திருந்தது. பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கருவிகளின் பழமையை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது 1859ஆம் ஆண்டில் ஆகும். நான்கே ஆண்டுகளில் அதற்கு இணையான சான்று தமிழ்நிலத்திலிருந்து எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பூட், தம் உடன்பணியாளர் வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். 'சென்னைக் கைக்கோடரி மரபு' என்னும் பெயர் ஆய்வுலகில் நிலைபெற்றது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அகழாய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், 15 லட்சம் ஆண்டளவு பழமையுடையன ஆகலாம் என்றும் உலகம் அறிந்தது. சிறிய செதில்களைத் திட்டமிட்டுப் பெயர்க்கும் இடைப் பழங்கற்கால நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே இங்குத் தோன்றியதென 2018இல் அறிவிக்கப்பெற்றது.

மாணவியரை அழைத்துக்கொண்டு இம்மலைவழியே நடந்த ஒருநாள், ஒருத்தி கேட்டாள்: "அம்மா, இக்கருவிகளைச் செய்தவர்கள் தமிழர்கள்தாமே?" அவ்வினா அவளுடையது மட்டுமன்று. மேடைகளிலும் கவியரங்குகளிலும் இதற்கு 'ஆம்' என்னும் விடை முழங்கக் கேட்டிருக்கிறோம். வரலாறு அவ்விடையை ஏற்பதில்லை. நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் எனக் கருதப்படுபவை மொராக்கோ நாட்டில் கிடைத்தவை. அவையே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுப் பழமையுடையன. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்குக் கல்லைச் செதுக்கியவர் நமக்கு முற்பட்ட வேறொரு மனித வகையினர். அவர்தம் எலும்பு ஒன்றும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்திலது. அவர் பேசினரா என்பதற்கும் கருவிகள் சான்று பகரா. தமிழ் எழுத்துச் சான்றுகளோ ஈராயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டவை. பதினைந்து லட்சத்தையும் ஈராயிரத்தையும் ஒரே மூச்சில் சொல்லுதல், இரண்டின் பெருமையையும் குறைப்பதாகும்.

தமிழ் பேசும் கல்லைக் காணவேண்டுமாயின், மேற்கே திருத்தணி செல்லலாம். 365 படிகளேறி முருகனை வணங்குவோர் பலர். அவ்வூரிலேயே உள்ள வீரட்டானேசுவரர் கோயிலை நாடுவோர் சிலரே. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கற்றளியாக எடுப்பித்தது அது. அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று வெண்பா. அவ்வெண்பாவை மன்னனே பாடினான் என்று கல்வெட்டே கூறுகின்றது. பல்லவப் பேரரசு மறையும் வேளையில், அதன் அரசன் ஒருவன் தன் பெருமையைப் பாடாது, கோயில் எடுத்தவனைப் பாடி வைத்தான். பாடியவன் பெயரும் பாடப்பெற்றவன் பெயரும் ஐயமின்றித் தெரியும் இக்கல்லைத் தமிழ்க் கவிஞர் உரிமையோடு தம்முடையது எனலாம்.

அவ்வூர் நம்மோடு இருப்பதும் போராட்டத்தின் பயனே. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்குச் சென்றது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்நின்ற வடஎல்லைப் போராட்டத்தை நாடறியும். படாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. வேங்கடம் வரை வேண்டியவர்க்குத் திருத்தணியே கிடைத்தது. ஆவணமும் ஊரார் வழக்கும் காட்டி வாதிட்டுப் பெற்ற வெற்றி அது. சான்றின் வலிமையை அறிந்த அத்தலைமுறையினரின் வழிவந்தோர், சான்றில்லாப் பெருமையை நாடுதல் தகாது.

சாலைக்கும் மனைக்கும் சரளை அள்ளப்படும் இக்காலத்தில், கருவிகள் கிடக்கும் மண்ணும் சேர்ந்தே போகின்றது. மலைவழி செல்வோர் நினைவுப் பொருளென ஒரு கல்லை எடுத்து வருவதும் அத்தகையதே. கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த கருவி, காலத்தையும் மண்ணடுக்கையும் இழந்து வெறுங்கல்லாகிவிடும். ஏட்டிலிருந்து ஓரெழுத்தைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு கவிதை படிக்க இயலுமா?

ஆதலின், வட்டத்து அன்பர்கள் வரும் மார்கழியில் குடியம் செல்லுதல் வேண்டும் என்பது என் விழைவு. குகையின் முன் நின்று முன்னோர் என்று முழங்காமல், பெயரறியாத அக்கைவினைஞரை வியந்து பாடுவோம். அடுத்த நாள் திருத்தணி சென்று அபராசிதனின் வெண்பாவை வாய்விட்டுப் படிப்போம். எடுத்து வருவன பாடல்களாக இருக்கட்டும். கற்கள் மலையிலேயே கிடக்கட்டும்.